நான் பெருக்கித் தள்ளிய நூறு எம்.பி.

தேயிலை ஃபேக்டரியில் எனக்கு இலை உருட்டும் மெஷினில் வேலை. ஷிப்ட் முடியும்போது மெஷினின் இடுக்கில் ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது. முந்தின நாள் மிச்சம் புளித்து, மறுநாள் தூளையும் கெடுத்துவிடும். இருபது வருடப் பழக்கம், மிச்சத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதைத்தான் செய்தேன்.

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். என் மனைவி ஏழாம் வகுப்போடு நின்றவள். நாற்பது வயதுக்கு மேல், பெரியவர்களுக்கு நடத்தும் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தாள். அதில் கம்ப்யூட்டரும் ஒரு பாடம். மூணாறில் ஒரு ஹோம்ஸ்டேக்காரர் கழித்துவிட்ட கம்ப்யூட்டரை வாங்கி எஸ்டேட் லைன் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதில் விண்டோஸ் இருந்தது. வகுப்பில் சொல்லிக்கொடுப்பதோ லினக்ஸ் என்ற வேறு சிஸ்டம். டீச்சர் அதை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். செல்போனில் தமிழ் வீடியோ பார்த்துப் பார்த்து, இரண்டும் ஒரே டிஸ்கில் இருக்கும்படி நானே போட்டேன். யாரிடமும் வாய் திறந்து கேட்க எனக்குக் கூச்சம். வீடியோவிடம் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஆங்கில எழுத்துகள் தெரியும், வாக்கியமாக வாசிக்க வராது. அதனால் கட்டளைகளை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். இடைவெளி வரும் இடத்தில் சின்னக் கட்டம் ஒன்று போடுவேன். கட்டத்தை விட்டால் கட்டளை ஓடாது என்று பட்டுத் தெரிந்துகொண்டது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், டிஸ்கில் இடம் குறைகிறது என்று திரையில் வந்தது. டிஸ்கின் படத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு பெரிய பாகங்களுக்கு முன்னால் ஓரமாக நூறு மெகாபைட்டில், அதாவது நூறு எம்.பி.யில், ஒரு துண்டு. அதற்குப் பெயரும் இல்லை. மிச்சம் என்று நினைத்து அழித்தேன். நிச்சயமா என்று கேட்டது, நிச்சயம் என்றேன். அதன் பிறகும் மெஷின் நன்றாகத்தான் ஓடியது. திருப்தியாக நிறுத்திவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை காலையில் கறுப்புத் திரை, அதில் ஒரே ஒரு வரி ஆங்கிலம். மெஷினை எழுப்பிவிடும் பூட் லோடர் அந்தச் சின்னத் துண்டுக்குள்தான் இருந்திருக்கிறது. விண்டோஸுக்கும் அதுதான், லினக்ஸுக்கும் அதுதான்.

"என்னங்க செஞ்சீங்க?" என்றாள் மனைவி.

"கொஞ்சம் கூட்டிப் பெருக்குனேன்."

"வீட்ட ஒரு நாளாவது கூட்டிருக்கீங்களா? இத மட்டும் எதுக்குக் கூட்டுனீங்க?"

அவள் திரும்பிக் காலண்டரைப் பார்த்தாள். அதுதான் பயமாக இருந்தது. திங்கட்கிழமை அவள் ப்ராஜெக்டைக் கொடுக்க வேண்டும். கொழுந்து எப்படித் தூளாகிறது என்று மூன்று மாதமாகத் தமிழில் டைப் செய்து, படம் வைத்து, பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். வேறு எங்கும் பிரதி இல்லை.

மத்தியானம் அவள் அண்ணன் வந்தார். ஜீப் ஓட்டுகிறவர்.

"நாலாங்கிளாஸ் படிச்சவுகளுக்கு இது தேவையா மாப்ள? நாளைக்கு மத்தியானம் நம்ம கம்ப்யூட்டர் கடைக்காரரக் கூட்டியாரேன். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுருவாரு."

"அப்ப என் ப்ராஜெக்ட்டு?" என்றாள் அவள்.

"அது போயிரும். இன்னொண்ணு எழுது."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க மச்சான்" என்றேன். அவரிடம் நான் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

பென் டிரைவிலிருந்து மெஷினை எழுப்பினேன். டிஸ்கைத் திறந்தால் அவள் ஃபோல்டர் அப்படியே இருந்தது. ஆனால் மேலே பூட்டுப் படம், தொட்டால் அனுமதி இல்லை என்றது. உள்ளே எல்லாம் பத்திரம், நான் பிடுங்கியது வாசலை மட்டும்தான் என்று புரிந்தது. அழித்த இடத்திலேயே அதே நூறு எம்.பி.க்கு ஒரு துண்டு, அதாவது பார்ட்டிஷன், போட்டு, மெஷினை எழுப்பும் துண்டு இது என்று அதற்கு அடையாளம் வைத்தேன். பிறகு நோட்டைப் பார்த்து, கட்டம் விடாமல், பூட் லோடரைப் போடும் கட்டளைகளை அடித்தேன். இரண்டு தடவை தப்பாகப் போனது. மூன்றாவது தடவை பிழை ஒன்றும் இல்லை என்று வந்தது.

ஞாயிறு காலையில் பென் டிரைவை உருவிவிட்டு மெஷினைப் போட்டேன். லினக்ஸ் என்ற பெயரோடு பட்டியல் வந்தது. மனைவி அடுப்பை விட்டு ஓடி வந்தாள். தேர்ந்தெடுத்தேன். ஒன்றரை நிமிடம் எதற்கோ காத்திருந்துவிட்டு, மறுபடி கறுப்புத் திரையிலேயே நின்றது. அவள் அடுப்புக்குத் திரும்பினாள்.

அந்தத் திரையில் ஒரு எண் இருந்தது. நான்கு எழுத்து, ஒரு கோடு, மறுபடி நான்கு எழுத்து. ஃபேக்டரியில் தூள் மூட்டைகளின் நம்பரைச் சீட்டோடு ஒப்பிட்டு அனுப்புவதும் என் வேலைதான், எண் மாறினால் என் கண்ணில் படாமல் போகாது. புது பார்ட்டிஷன் போட்டபோது வந்த எண்ணை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். திரையில் இருந்தது அது இல்லை. நான் பெருக்கித் தள்ளியதன் பழைய எண்ணை வைத்துக்கொண்டு மெஷின் இன்னும் அதையே தேடிக்கொண்டிருந்தது.

மறுபடி பென் டிரைவ். அந்த எண் இருக்கும் ஃபைல் எது என்று வீடியோவில் தேடிப் பிடித்தேன். பழைய எட்டு எழுத்தையும் எடுத்துவிட்டுப் புது எட்டு எழுத்தைப் போட்டேன். நான்கு தடவை ஒப்பிட்டேன். நிறுத்திப் போட்டேன்.

வந்துவிட்டது. அவள் வைத்திருந்த கேரட் தோட்டப் படத்தோடு முழுத் திரையும் வந்தது.

அவள் ஈரக் கையோடு மவுஸைப் பிடித்து ப்ராஜெக்டைத் திறந்து, பதினெட்டுப் பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் என் தோளில் ஒரு அடி வைத்தாள். வலித்தது. அதைவிட சந்தோஷமான அடி நான் வாங்கியதில்லை.

சொன்னபடி மச்சான் கடைக்காரரோடு வந்தார். கடைக்காரர் திரையைப் பார்த்தார், பிறகு கட்டம் கட்டமாக இருந்த என் நோட்டைப் புரட்டினார்.

"இத யாரு செஞ்சது?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்க வீட்டுக்காரருதான். டீ குடிச்சுட்டுப் போங்க, வேற வேலை இல்ல" என்றாள் அவள்.

திங்கட்கிழமை ப்ராஜெக்டைக் கொடுத்தாள். பரீட்சையிலும் தேறினாள். விண்டோஸ் எழுந்திருக்க எனக்கு இன்னும் ஒரு வாரம் பிடித்தது, அதுவும் எழுந்தது.

அவள் தேறிய செய்தி வந்த அன்று மச்சான் மிட்டாய் வாங்கி வந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஜீப் ஸ்டாண்டு ஆபீஸ்ல ஒண்ணு எந்திரிக்காமக் கெடக்கு. வந்து பாக்குறீகளா மாப்ள?"

"பாக்கலாம் மச்சான். அது வரைக்கும் யாரையும் அதக் கூட்டிப் பெருக்க விடாதீங்க" என்றேன்.