அக்காவுக்குத் தேவைப்பட்ட இரண்டாவது கடிதம்

என் அக்கா பத்தொன்பது வருடமாக ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். மனித உடம்பிலிருந்து எடுத்த செல்களைக் குடுவைகளில் வளர்ப்பது அவள் வேலை. அவற்றுக்குச் சாப்பாடு, மீடியம் என்கிற சிவப்புத் திரவம். அதை மாற்ற ஞாயிற்றுக்கிழமையும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு ஓடுவாள். கேட்டால், அதுங்களுக்குப் பசிக்கும் என்பாள். பெற்றது இரண்டுக்கும் மாமாதான் சமைத்துப் போட்டார்.

நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிறவன் நான்தான். அப்படித்தான் அந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. ஒரு கல்லூரியில் உயிரியல், நலவாழ்வு அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஆறு இடங்கள், வயது வரம்பு கிடையாது. அக்காவின் முதுகலைப் பட்டம் பீரோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் வளர்த்துக் கொடுத்த செல்களை வைத்து ஏழு பேர் டாக்டராகிவிட்டார்கள். ஆய்வேட்டில் இவளுக்கு ஆளுக்கொரு வரி நன்றி. எனக்கு அதில் ரொம்ப நாளாகவே வயிற்றெரிச்சல்.

நாற்பத்திரண்டு வயதில் எதற்கு என்று இழுத்தாள். நான் விடவில்லை. கடைசியில் நான்கு பக்கத்துக்கு ஆய்வுத் திட்டம் எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு குடுவைக்குள் வேறு வகைச் செல் புகுந்துவிட்டால் அதைச் சீக்கிரமே கண்டுபிடிப்பது எப்படி என்பது கேள்வி. பாதிதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பாதியையே இரண்டு தடவை படித்தேன்.

சிக்கல் பரிந்துரைக் கடிதத்தில் வந்தது. இரண்டு வேண்டும். ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் ஒன்று உடனே கொடுத்துவிட்டார். இன்னொன்றை அவளோடு ஆய்வு செய்த யாராவது எழுத வேண்டும். ஏழு டாக்டர்களில் ஆறு பேர் திசைக்கொருவராகப் போயிருந்தார்கள், பதிலே இல்லை. உள்ளூரில் மிச்சமிருந்தது 'கண்ணாடி' மட்டும். படிக்கிற காலத்தில் அந்தப் பெண்ணுக்கு மூக்குக்கண்ணாடி நழுவிக்கொண்டே இருக்குமாம், அதனால் அந்தப் பெயர். இப்போது ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. பேரைச் சொன்னதுமே அக்காவின் முகம் செத்துவிட்டது.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் தனி மீடியம் பாட்டில் வைக்க வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அவசரத்தில் இரண்டு வகைக்கும் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிவிட்டாள். வேறு செல் கலந்த ஒரு சொட்டு போதும், வேகமாக வளர்கிற செல் மற்றதைத் தின்று தீர்த்துவிடும். கண்ணாடி எட்டு மாதம் சிறுநீரகச் செல் என்று நம்பி ஆராய்ந்தது வேறெதையோ. அக்காதான் செல்லின் முகவாட்டத்தைப் பார்த்து, பரிசோதித்து, போய்ச் சொன்னாள். அந்தப் பெண் எழுந்து போய்விட்டதாம். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்து, படிப்பை முடித்துப் போகும்வரை சரியாக முகம் கொடுக்கவில்லை.

மறுநாள் கடைசித் தேதி. அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்ணாடி கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். அக்கா திட்டத்தை மட்டும் நீட்டினாள். அவர் நின்றபடியே நான்கு பக்கத்தையும் படித்தார்.

"எப்ப வேணும்க்கா?"

நாளைக்கு என்றாள். இன்றைக்கே அனுப்பிவிடுவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார். ஒரு சிரிப்பு இல்லை. கடிதம் நேரே கல்லூரிக்குத்தான் போகும், நாம் பார்க்க முடியாது. காலை வாரிவிடப் போகிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

நேர்காணலுக்கு நான் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருந்தேன். இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டால், படித்ததில் வந்தது என்று சொல். என் அக்கா கேட்கிற ஆளா? தன் தப்பை ஒன்றுவிடாமல் ஒப்பித்திருக்கிறாள். கேட்டுவிட்டு, குழுவின் தலைவர் கண்ணாடியின் கடிதத்தை எடுத்து நான்கு வரி படித்துக் காட்டினாராம். கல்லூரி வாசலில் நின்று அக்கா அதை எனக்கு அப்படியே சொன்னாள்.

"இவர் செய்த தவறு யாருக்கும் தெரிந்திருக்காது. இவரே வந்து சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு பொய்யை எழுதி நான் டாக்டராகியிருப்பேன். அதற்காக இவருக்கு நன்றி சொல்ல ஒன்பது வருடமாக எனக்கு மனம் வரவில்லை."

இடம் கிடைத்த செய்தி என் கடைக் கம்ப்யூட்டருக்குத்தான் வந்தது. அக்கா கடைக்கு வந்ததும், மாமாவைக் கூப்பிடுவாள் என்று போனை நீட்டினேன். அவள் போட்டது கண்ணாடிக்கு.

"நீ இழந்த அந்த எட்டு மாசத்தாலதாம்மா நான் சேர்ந்திருக்கேன்" என்றாள்.

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நான் போனை வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கமும் அழுகைதான் கேட்டது.