ஐஸ் மட்டும் வேண்டாம் அங்கிள்!

இன்று மதியம் குருசுக்குப்பத்தில், என் தோழி ஜெனிபர் வீட்டில் நடந்தது.

நாளை பள்ளிக் கண்காட்சி. கேமராவில் மீனைக் காட்டினால் அதன் பெயரைச் சொல்லும் எங்கள் ப்ராஜெக்ட் ரொம்ப மெதுவாக யோசிக்கிறது. அதனால் அதை இயக்கும் கையளவு கம்ப்யூட்டர் போர்டை ஓவர்கிளாக் செய்தோம். அதாவது, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினோம். போர்டு பள்ளியுடையது. "பத்திரமா திருப்பித் தர்றேன் மிஸ்" என்று வாங்கி வந்தவள் நான்.

சூடு எழுபத்தெட்டு டிகிரி.

"இன்னொரு படி ஏத்துடி," என்றாள் ஜெனிபர்.

"எண்பதைத் தாண்டினா அதுவே மெதுவாயிடும்டி. ஏத்தி என்ன பயன்?"

அதற்குள் அவள் அப்பா மீன் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். "மீனே கெடாம இருக்குது பாப்பா, இது இருக்காதா?"

"ஐயோ அங்கிள், தண்ணி பட்டா செத்துடும்!"

போர்டுக்கு மேல் இரண்டு கைகளையும் விரித்தேன். மேலே ஐஸ் தண்ணீர் சொட்டியது, கீழே அனல் அடித்தது. நான் கையை எடுக்கவில்லை.

அவர் பின்வாங்கினார். ஒரு படி வேகத்தைக் குறைத்தோம். வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனை அவரே போர்டு பக்கம் திருப்பினார். சூடு அறுபத்தைந்துக்கு இறங்கியது. பெட்டியிலிருந்த ஒரு மீனை கேமராவில் காட்டியதும், "வஞ்சிரம்" என்று சட்டென்று சொன்னது போர்டு.

"கடலுக்குப் போயிட்டு வந்தவன் வேர்த்து நிக்கிறேன், காத்து அதுக்கா?" என்றார் அங்கிள், துண்டால் விசிறியபடி.

நாளை வருபவர்கள் ஆளுக்கொரு விசிறி கொண்டு வாருங்கள். ஃபேன் போர்டுக்குத்தான். யாரெல்லாம் வர்றீங்க?