கண்ணாடி தெரியாத லாரி

கம்ப்யூட்டர்ல லாரி ஓட்டற கேம் ஒன்னு இருக்குது. சுடறது, வெட்டறது எதுவும் கெடையாது. ஒரு ஊர்ல லோடு ஏத்தணும், இன்னொரு ஊர்ல எறக்கணும், அவ்வளவுதான். ரோடெல்லாம் வெளிநாட்டு ரோடு. "இதுல என்ன இருக்குது?"ன்னு கேப்பாங்க. தெனமும் வெளிய போய்ட்டு வர்றவங்களுக்கு இதுல ஒன்னும் இல்லதான். எனக்கு மத்தியானம் அந்த ஒரு மணி நேரம் இல்லாமப் போயிருந்தா பைத்தியம் புடிச்சிருக்கும்.

எங்க ஊடு பாகலூர் பக்கம். நான் பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் முடிச்சவ. கல்யாணம் ஆகியும் ஒரு கம்பெனியில அசெம்பிளி லைன்ல நின்னு வேலை செஞ்சுக்கிட்டுதான் இருந்தேன். விடியறதுக்கு முன்னாடி வேன் வந்து தெருமுனையில ஹாரன் அடிக்கும். தலையை அள்ளி முடிஞ்சுக்கிட்டு, டிரைவரைத் திட்டிக்கிட்டே ஓடுவேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. பகல்ல யாராவது ஒருத்தர் கூட இருக்கணும். ஊட்டுக்காரர் வார்ப்படக் கம்பெனியில பர்மனென்ட். மாமியார் ரோஜாப்பூ பண்ணைக்குப் போனா சாயங்காலம்தான் வருவாங்க. நான் வெறும் கான்ட்ராக்ட். யார் நிக்கறதுன்னு பேச்சே எழல. "ஆறு மாசம்தாம்மா, அப்பா எந்திரிச்சு நடந்துடுவாரு"ன்னு ஊட்டுக்காரர் சொன்னாரு, நானும் மண்டைய மண்டைய ஆட்டினேன். வேன் இன்னும் வருது. ஹாரன் அடிச்சுட்டு என்னை விட்டுட்டுப் போகுது.

மாமா கட்டில் கெடக்கற ரூம்லதான் என் கம்ப்யூட்டரும் இருக்குது. கம்ப்யூட்டர்ல மெஷின் டிராயிங் போடக் கத்துக்கிட்டு லைன்ல இருந்து ஆபீசுக்கு மாறிடலாம்னு என் முதல் போனஸ்ல வாங்குனது. மாமாவுக்குச் சாப்பாடு ஊட்டி, தொடைச்சு, துணி மாத்திட்டு உக்காருவேன். அவரும் தலையைத் திருப்பிப் பாப்பாரு. அந்தக் காலத்துல தக்காளி லோடோட டிரைவர் பக்கத்துல உக்காந்து மார்க்கெட்டுக்குப் போன மனுஷன். லாரி ரிவர்ஸ் வந்தா பின்னாடி நின்னு பாடியத் தட்டுவாராம். ரெண்டு தட்டு தட்டினா வரலாம், ஒரு தட்டு தட்டினா நிறுத்தணும். வாய் போனதுக்கப்புறம் அதுதான் அவரோட பேச்சு. "காபி போடட்டுமா மாமா?"ன்னு கேட்டா இடது கையால கட்டில் கம்பியில ரெண்டு தட்டுவாரு. வேண்டாம்னா ஒன்னு. அவருக்குப் புத்தியெல்லாம் தெளிவாத்தான் இருக்குது, நான் சொல்றேன்.

பழைய கம்ப்யூட்டர் பாவம், முக்கி முனகிக்கிட்டுதான் அந்த கேமை ஓட்டும். படத்தோட தரத்தையெல்லாம் கொறைச்சு வெச்சாத்தான் நகரும். மரமெல்லாம் மொட்டையா நிக்கும். லாரிக்கு ரெண்டு பக்கமும் இருக்கற கண்ணாடி வெறும் கறுப்பு. பின்னாடி என்ன இருக்குதுன்னே தெரியாது. லோடு எறக்கற எடத்துல ரிவர்ஸ் எடுத்து நிறுத்தணும், முடியலன்னா விட்டுடலாம்னு ஒரு பட்டன் இருக்குது. நான் எப்பவும் அந்தப் பட்டனைத்தான் அமுக்குவேன். அத்தனை லோடு அடிச்சும் ஒரு தடவை கூட ரிவர்ஸ் எடுத்ததில்ல.

ஒரு நாள் கேம் தானா அப்டேட் ஆச்சு. அதுக்கப்புறம் தொறக்கவே மாட்டேன்னுடுச்சு. உன் மெஷினுக்கு வசதி பத்தாதுன்னு ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வாரம் நான் மனுஷியாவே இல்ல. பாத்திரத்தைப் போட்டு ஒடைச்சேன். மாமியார்கிட்ட எரிஞ்சு விழுந்தேன். அவங்களுக்குக் கோவம் வந்தா தெலுங்குக்கு மாறிடுவாங்க, நானும் சளைக்காமத் தமிழ்லயே பதில் குடுத்தேன். மாமா மத்தியானமானா மானிட்டரையே பாத்துக்கிட்டு கெடப்பாரு. ரெண்டு பேரும் செத்த திரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம்.

ரவிக்கைக்குக் கொக்கி தைச்சுக் குடுத்து சேத்த காசு கொஞ்சம் இருந்துச்சு. மாமியாருக்கு லீவு இருந்த ஒரு ஞாயித்துக்கெழமை பஸ் புடிச்சு ஓசூர் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்துல ஒரு கம்ப்யூட்டர் கடை. விஷயத்தைச் சொன்னதும் கடைக்கார அண்ணன் கேட்டாரு, "பையனுக்காம்மா?"

எங்களுக்குக் குழந்தை இல்ல. அதைப் பேசறதுக்கு ஊர்ல ஆளு நெறைய இருக்குது, நான் வேற எதுக்கு? "இல்லண்ணா, எனக்குத்தான்"னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. மெனக்கெட்டு அவர்கிட்ட ஏன் எதுக்குன்னு கதை சொல்லணுமேன்னு எரிச்சல். "ஆமாண்ணா"ன்னுட்டேன்.

"என்ன படிக்கறான்?"

"எட்டாவது."

எங்கிருந்துதான் வந்துச்சோ அந்த எட்டாவது!

மெமரி ராம் இன்னொன்னு போட்டாலே ஓடும்னு குடுத்தாரு. கொண்டாந்து போட்டேன், கேம் தொறந்துச்சு. ஆனா லாரி ஒரு அடி நகர்றதுக்குள்ள நான் ஒரு வாய் காபி குடிச்சிடலாம். அடுத்த மாசம் மறுபடி போனேன். மூடிட்ட நெட் சென்டர்ல இருந்து வந்த பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்னை எடுத்து வெச்சாரு. புதுசெல்லாம் வெலை கேட்டாலே தலை சுத்துது. "பவர் சப்ளையும் மாத்துனாத்தான் நல்லதும்மா, பழசு தாங்காது"ன்னாரு. அதுக்குக் காசுக்கு எங்க போறது? கார்டை மட்டும் வாங்கிக்கிட்டேன். கெளம்பறப்ப, "கேமே கதின்னு கெடக்கப்போறான், படிக்கவும் சொல்லும்மா"ன்னாரு. இல்லாத பையனுக்கு அறிவுரை வாங்கிக்கிட்டு பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன்.

ஊட்டுக்கு வந்து பெட்டியத் தொறந்தா கார்டு நீளம், பெட்டி குட்டை. ஹார்ட் டிஸ்க் மாட்டற தகரக் கூண்டு குறுக்க நிக்குது. திருப்பிப் பாத்தேன், சாச்சுப் பாத்தேன், ம்ஹூம். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு வெறி! பக்கத்து ஊட்ல ஹேக்சா பிளேடு வாங்கியாந்து அந்தக் கூண்டை அறுக்க ஆரம்பிச்சேன். "இத்தனை வருஷமா உள்ளயே கெடக்கறியே, வா வெளிய"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டே அறுத்தேன். அது தகரத்துக்குச் சொன்னது மட்டும் இல்லன்னு எனக்கே தெரியும். மாமா கண்ணு சிமிட்டாமப் பாத்துக்கிட்டிருந்தாரு. ஹார்ட் டிஸ்க்கை நாடாவுல கட்டித் தொங்கவிட்டு, கார்டைச் சொருகிட்டேன்.

ஓடுச்சு! மரத்துல எல முளைச்சுது. கண்ணாடிக்கும் உசுரு வந்துடும்னு அதையும் போட்டுவிட்டேன். ஒரு நொடி பின்னாடி இருக்கற ரோடு மினுக்குன்னு தெரிஞ்சுது. டப்புன்னு ஒரு சத்தம், மொத்தமும் அணைஞ்சு போச்சு. கருகுன வாசனை. கீழயே உக்காந்து அழுதேன். அழுதேன்னு சொல்ல எனக்கு வெக்கமெல்லாம் இல்ல.

அன்னைக்கு ஊட்டுக்காரர் வந்து என் மூஞ்சியப் பாத்தாரு, கருகுன பெட்டியையும் பாத்தாரு. ஞாயித்துக்கெழமை அவரே பெட்டியத் தூக்கி வண்டிகிட்ட கொண்டாந்து, "ஏறு, போலாம்"னாரு. பெட்டிய மடியில வெச்சுக்கிட்டுப் பின்னாடி உக்காந்தேன். பாதி வழி போனப்புறம்தான் அந்த எட்டாவது பையன் ஞாபகம் வந்துச்சு.

கடைக்காரர் சும்மா இருப்பாரா? பெட்டியத் தொறந்து பாத்து, "பவர் சப்ளைதான் போயிருக்குது, கார்டு தப்பிச்சுது"ன்னாரு. உள்ள அறுத்து வெச்சிருக்கறதைப் பாத்துட்டு, "யாரு சார், பையன் வேலையா? பலே ஆளா இருக்கானே!"ன்னு ஊட்டுக்காரர் பக்கம் திரும்பினாரு.

ஊட்டுக்காரர் என்னைப் பாத்தாரு. நான் தரையப் பாத்தேன். இப்பச் சொல்லப்போறாரு, எங்களுக்குப் பையனே இல்லன்னு, சந்தே வேடிக்கை பாக்கப்போகுதுன்னு நெனச்சேன்.

"ஆமாண்ணே"ன்னாரு. "நல்லாத்தான் ஓட்டறான். ரிவர்ஸ் மட்டும்தான் வரல. கண்ணாடி தெரியாது அவனுக்கு."

நான் ஓட்டறதை அவர் பாத்திருக்காருன்னே எனக்குத் தெரியாது. நைட் ஷிப்ட் வாரத்துல பகல்ல வந்து அசந்து தூங்கறாருன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

கடைக்காரர் புது பவர் சப்ளைய வெச்சுத் திருகாணிய முடுக்கிக்கிட்டே சொன்னாரு, "ஊட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா எந்தப் பையனும் கெட்டுத்தான் போவான். வெளிய போகச் சொல்லுங்க சார்."

ஊட்டுக்காரர் பர்ஸைத் தொறந்து நோட்டை எண்ணினாரு. அப்புறம், "அவன் போகணும்னுதாண்ணே இருக்கான். நாங்கதான் விடல"ன்னாரு.

காசு குடுத்துட்டுக் கெளம்புனோம். பாகலூர் ரோட்டுல திரும்பறதுக்குள்ள என்னால அடக்க முடியல. அவர் காதுகிட்ட குனிஞ்சு, "எப்பங்க விடுவீங்க?"ன்னு கேட்டேன். வண்டி அது பாட்டுக்குப் போச்சு. மறுபடியும் சத்தமாக் கேட்டேன். "அப்பாவ யாரும்மா பாப்பா?"ன்னாரு. மூணு வருஷமா அதே பதில். தெரியாம அடைச்சு வெச்சிருக்கறவங்ககிட்ட சண்டை போடலாம். தெரிஞ்சே அடைச்சு வெச்சிருக்கறவர்கிட்ட என்னன்னு பேசறது? மடியில இருந்த பெட்டிதான் கனத்துச்சு.

மறுநாள் மத்தியானம் கண்ணாடி ரெண்டும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. லோடு கொண்டுபோய்ச் சேத்துட்டு, மொத தடவையா அந்தப் பட்டனை அமுக்காம ரிவர்ஸ் போட்டேன். நேராக்குனா கோணுது, ஒடிச்சா எதிர்ப்பக்கம் திரும்புது. பின்னாடி இருந்து கட்டில் கம்பி சத்தம். டக் டக். வரலாமாம். நானும் விட்டேன். டக் டக். இன்னும் வரலாமாம். அப்புறம் ஓங்கி ஒன்னு. பிரேக்கைப் போட்டேன். வண்டி கச்சிதமா நின்னுடுச்சு.

திரும்பிப் பாத்தேன். பாதி வாய்தான் சிரிச்சுது. இந்த மனுஷன் மேல கோவப்படறதுக்குக் கூட எனக்குக் குடுத்து வெக்கல. யாரும் அவர்கிட்ட இதுவரைக்கும் கேக்காத கேள்விய அன்னைக்கு நான் கேட்டேன்.

"மாமா, நான் வேலைக்குப் போகட்டுமா? பகலுக்கு ஒரு ஆளு வெச்சா இருந்துக்குவீங்களா?"

சுவத்தைப் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் கெடந்தாரு. அப்புறம் கை தூக்கினாரு. டக் டக்.

ராத்திரி சமையல்கட்டுல சாப்பிடறப்ப சொன்னேன். "நான் வேலைக்குப் போறேன். வர்ற சம்பளத்துல பகலுக்கு ஒரு ஆளு வெக்கலாம். மாமாகிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு." ஊட்டுக்காரர் தட்டை விட்டு நிமிரல.

மாமியார் கொழம்பு ஊத்திக்கிட்டே, "அவருக்கு என்ன தெரியும்? புத்தி போன மனுஷன்"ன்னாங்க.

உள்ள ரூம்ல இருந்து கட்டில் கம்பியில ரெண்டு தட்டு கேட்டுச்சு. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் ரெண்டு. மூணு பேர் காதுலயும் விழுந்துச்சு. ஊட்டுக்காரர் பெசைஞ்ச சோறு கையிலயே இருந்துச்சு. மாமியார் கரண்டியக் கீழ வெச்சாங்க. அவர் தட்டறதை நிறுத்தல.