மூட்டை புறப்பட்ட நாள்

ஆரணியிலிருந்து பட்டணத்துக்குப் படிக்கப் போன ஐந்து பேர் 1882ஆம் வருஷம் ஒரு சங்கம் வைத்தார்கள். ஏழுகிணறு பகுதியில் ஒரு மாடி அறை, ஆறு பாய், ஒரு நோட்டுப் புத்தகம், இவ்வளவுதான் சங்கத்தின் சொத்து. ஆறாவது பாய் புதிதாக வருகிறவனுக்கு. ஊரில் மெட்ரிகுலேஷன் தேறி காலேஜில் சேர வருகிற பையனை ஒருவர் ரயிலடியில் எதிர்கொள்ள வேண்டும். அவன் பெட்டியை அவனைத் தூக்க விடக்கூடாது. காலேஜில் பெயர் பதிகிற வரை கூட இருக்க வேண்டும். முதல் ஒரு மாதம் அவன் தனியாகச் சாப்பிடக்கூடாது.

இந்த விதிகளை எழுதியவன் சிவப்பிரகாசம், நெசவுத் தெருப் பையன். அவன் பட்டணம் வந்த அன்று அவனை எதிர்கொள்ள ஆள் இல்லை. சென்ட்ரல் ஸ்டேஷன் படியில் தகரப் பெட்டியின்மேல் காலையிலிருந்து விளக்கு வைக்கிற நேரம்வரை உட்கார்ந்திருந்தான். எழுந்தால் பெட்டி போய்விடுமென்று தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை.

ஏழு வருஷத்தில் சங்கம் கரைந்துபோனது. ஒருவன் சித்தூர் கோர்ட்டில் வேலைக்குப் போனான். ஒருவனைக் காலரா கொண்டுபோனது. மற்றவர்கள் கல்யாணம், உத்தியோகம் என்று பிரிந்தார்கள். காலேஜில் எஃப்.ஏ. பரீட்சையில் மூன்று முறை தவறிய சிவப்பிரகாசம் மட்டும் ஒரு வக்கீலிடம் நகல் எழுதிக்கொண்டு அதே அறையில் இருந்தான். மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் கூட்டம் நடத்தினான். நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, ‘வந்தவர் ஒருவர்’ என்று எழுதி மூடிவைப்பான். ஆனால் ஊரில் தேறிய பையன்களுக்கு வருஷா வருஷம் போகிற கடிதத்தில் மட்டும், ‘சங்கத்தார் அனைவரும் தங்கள் வரவை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்’ என்ற பழைய வாசகத்தை மாற்ற அவனுக்கு மனம் வரவில்லை.

1889இல் அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தது. தெருக்கோடி வீட்டுக் கற்பகத்தின் மகன் லோகநாதன் தேறியிருந்தான். அவனுடைய அப்பா ஒரு கார்டு எழுதியிருந்தார்: ‘சிரஞ்சீவி லோகநாதனுக்குப் புதன்கிழமை காலை நல்ல வேளையில் புறப்பாடு. தாங்கள் எல்லாரும் பார்த்துக்கொள்ளவும்.’

சிவப்பிரகாசம் ஆறாவது பாயை உதறி வெயிலில் போட்டான். சாப்பாட்டுக் கடைக்காரரிடம் போய், “நாளையிலேர்ந்து ரெண்டு எலைங்க” என்றான்.

“உனக்கா? கூட யாரு, பொண்டாட்டியா?”

“ஊர்ப் பையன்ங்க.”

வியாழக்கிழமை எல்லா ரயிலும் வந்தன. லோகநாதன் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. சனிக்கிழமை பகல்வரையும் காணோம். முன்னொரு வருஷம் சிவப்பிரகாசம் அரை மணி தாமதமாக ஸ்டேஷனுக்குப் போனான். வந்திருந்த ஜெயவேல் என்ற பையன் பயந்துபோய் அடுத்த வண்டியிலேயே திரும்பிவிட்டான், பிறகு படிக்கவே இல்லை. இவனையும் தவற விட்டுவிட்டோமா, யாராவது ஏய்த்து அழைத்துப் போய்விட்டார்களா? பையனைக் காணோம் என்பது கார்டில் சொல்லிவிடக்கூடிய செய்தி அல்ல. சனிக்கிழமை மாலையே ரயிலேறி வாலாஜா ரோடு ஸ்டேஷனில் இறங்கி ஆரணிக்கு மாட்டு வண்டி பிடித்தான்.

ஞாயிறு காலை ஆரணியில் தெரு நீளத்துக்கு நெசவு நூலைப் பாவாக விரித்திருந்தார்கள். அதன் ஓரமாகவே நடந்தான். கற்பகத்தின் வீட்டுக்கு நேராகப் போக அவனுக்குத் துணிவு இல்லை. முதலில் தன் வீட்டுக்குள் நுழைந்தான். அங்கே அக்கா தெய்வநாயகி குடும்பத்தோடு இருந்தாள்.

நடையில் ஒரு துணிமூட்டையும் புதுத் தகரப் பெட்டியும் இருந்தன. பெட்டிமேல் வெள்ளைச் சாயத்தில் ‘லோகநாதன்’ என்று எழுதியிருந்தது.

“அக்கா, இது எப்படி இங்க வந்துது?”

“இன்னாடா இப்படி எளைச்சிப்போயி வந்து நிக்கற? அதுவா, பரஸ்தானம். புதன்கெழமதான் நல்ல நாளு. தறியில இருக்கற சேலைய நெஞ்சி அறுத்துட்டுத்தான் அவங்கப்பன் ரயிலேத்திவிடப் போவ முடியும். அதான் அன்னிக்கி மூட்டைய மட்டும் பொறப்பட வெச்சி இங்க கொணாந்து வெச்சிட்டாங்க. பட்டணத்துக்காரன் வீடாச்சே. இன்னிக்கி மதியானம் கெளம்பறாங்க.”

சிவப்பிரகாசம் பெட்டியின்மேல் அப்படியே உட்கார்ந்தான். அவன் பட்டணம் போனபோது அவன் மூட்டையையும் இப்படித்தான் பக்கத்து வீட்டில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அதை எப்படி மறந்தான்?

மூட்டையைக் கேட்டு வந்த கற்பகம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பின்னால் லோகநாதன்.

“ஏம்பா, நீ பட்டணத்துல இவனுக்காக நிப்பேன்னு இல்ல நெனச்சிக்கினு இருக்கேன்? புள்ள கெளம்பற நேரத்துல சகுனத்தடையா எதிர்ல வந்து நிக்கறியே!”

“மூணு நாளு ஸ்டேஷன்லதான் நின்னேன்ங்க. காணோம்னு பதறிப்போயி...”

“சரி, நீ வந்துட்ட. மத்தவங்க யாராச்சும் ஸ்டேஷனுக்கு வருவாங்க இல்ல?”

சிவப்பிரகாசம் பெட்டியைவிட்டு எழுந்தான்.

“அண்ணா, சங்கத்துல இப்ப எத்தினி பேரு?” என்றான் லோகநாதன்.

“நான் ஒருத்தன்தான்பா.”

“கடுதாசியில அனைவரும்னு போட்டிருந்தீங்களே?”

“அது பழைய கடுதாசி.”

கற்பகம் உள்ளே வந்து மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். “எதிர்ல வந்ததக்கூட பொறுத்துக்குவேன். பொய்ய நம்பி எம்புள்ளைய எப்படிப்பா அனுப்பறது? எத்தினி பேருன்னு நெசத்தச் சொல்லியிருந்தா நாங்க யோசன பண்ணியிருக்க மாட்டமா?”

புறப்பட்ட மூட்டை திரும்பி வீட்டுக்குள் போனால் பயணம் முடிந்தது என்று அர்த்தம். தெருவில் பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் அது தெரியும். லோகநாதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் பின்னால் போனான். சிவப்பிரகாசம் கை நீட்டினான். பெட்டியைத் தூக்கித் தருவதாக நினைப்பு. பையன் தலையசைத்து, வேண்டாம் என்றான்.

பட்டணம் திரும்பியதும் சாப்பாட்டுக் கடைக்காரர் இரண்டு இலை போட்டார். ஒன்றை எடுக்கச் சொன்னான்.

அடுத்த வருஷம் கடிதத்தைப் புதிதாக எழுதினான். நான்கு முறை அடித்து எழுதியபின் அது இவ்வளவில் நின்றது: ‘சங்கத்தில் இப்போது நான் ஒருவனே இருக்கிறேன். நானும் மூன்று முறை தேறாதவன். ஆனால் ரயிலடிக்கு வருவேன், பெட்டியைத் தூக்குவேன், ஒரு மாதம் கூடச் சாப்பிடுவேன். எழுதும்போது மூட்டை புறப்பட்ட நாளையும் ஆள் புறப்படும் நாளையும் தனித்தனியாக எழுதவும்.’ அந்த வருஷம் ஊரில் தேறிய புதுப் பையன் யாரும் இல்லை. அதனால் லோகநாதனுக்கே அனுப்பினான்.

இருபது நாள் கழித்து லோகநாதன் கையெழுத்தில் கார்டு வந்தது. ‘கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். இந்தத் தடவை நிஜத்தை எழுதியிருக்கிறான், போ என்கிறாள். புதன்கிழமை மூட்டை வைக்கிறோம். நான் சனிக்கிழமை காலை பட்டணம் சேர்வேன்.’

சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. வியாழக்கிழமை காலை யாரும் வரமாட்டார்கள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் முகம் கழுவிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், முன்பு தான் உட்கார்ந்திருந்த அந்தப் படியருகே நின்று, வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.