வகிராவின் கெப்பல் மரம்

பக்கத்து வீட்டு வகிராவை நினைத்தாலே எனக்கு ஊர்த் தலைவர் சுரதாலின் மூஞ்சியும் சேர்ந்து வந்து குமட்டுகிறது. ஊரே ‘பாக் லூரா’ என்று கும்பிடுகிற மனிதர். கும்பிடட்டும்.

வகிரா எங்கள் ஜாவாவின் ஜோக்ஜா நகரத்தில் சுல்தான் அரண்மனைத் தோட்டத்தைக் கூட்டிப் பெருக்கியவள். அங்கே உதிர்ந்து கிடந்த கெப்பல் பழத்தின் கொட்டையை இடுப்புத் துணியில் முடிந்துவந்து ஈர மணலில் புதைத்தாள். மாதக்கணக்காக அது அசையவில்லை. அவளும் தண்ணீர் தெளிப்பதை விடவில்லை. முளைத்த கன்றை வாழை நிழலில் வைத்து வளர்த்தாள். நிமிர்ந்து வளர்ந்த மரம் கடைசியில் அடிமரத்திலேயே முண்டு முண்டாகப் பூத்தது. கைமுட்டி அளவுக் காய்களை வௌவால் கடிக்காமலிருக்கக் கொத்துக் கொத்தாக மூங்கில் கூடை கட்டினாள். பழத்தில் முக்கால்வாசி கொட்டைதான். ஆனால் தின்றால் வியர்வைகூட மணக்கும்.

அது சுல்தான் வீட்டுப் பெண்களின் பழம், குடியானவன் வளர்த்தால் குடும்பம் விளங்காது என்பது எங்கள் ஊர்ப் பயம். அதனால் சுற்றுவட்டாரத்தில் வேறு கெப்பல் மரம் கிடையாது. ஆண்கள் வாசலில் நின்று திட்டுவார்கள். மகளுக்குக் கல்யாணம் வந்தால் அவர்கள் பெண்டாட்டிமார் கொல்லைப்பக்கமாக வந்து மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். சுரதாலின் பெண்டாட்டியும்தான். த்தூ!

வகிராவின் புருஷன் பொனிமினுக்கு இருமல் கண்டது. ஆஸ்பத்திரியில் காசநோய் என்று சொல்லி, ஆறு மாதம் விடாமல் தின்னச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம் மாதம் சுரதால் நலம் விசாரிக்க வந்தார்.

"மாத்திரையா? வாசல்ல எமன நட்டு வச்சிக்கிட்டு மாத்திரை தின்னா ஆச்சா? முதல்ல மரத்த வெட்டுப்பா."

"பாக் லூரா, போன வருஷம் உங்க பொண்ணு கல்யாணத்துக்கு எமன் காய்ச்ச பழம்தானே போச்சு?" என்றாள் வகிரா.

"பொம்பள வாய் இப்படி நீண்டா வீடு எப்படி விளங்கும்?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

விதை விழுந்துவிட்டது. பொனிமின் ராத்திரியெல்லாம் மரத்தையே பார்த்தான். வகிரா கெஞ்சினாள்.

"மாத்திரைய முழுசா தின்னு முடிங்க. அப்பவும் இருமல் நிக்கலைன்னா நானே கோடாலி எடுக்கிறேன்."

"என் உசிர விட உனக்கு மரம் பெருசாடி?"

விடிந்ததும் பொனிமினே கோடாலியை எடுத்தான். கூடைகளோடு, பிஞ்சுகளோடு மரம் சாய்ந்தது. வீட்டில் கிடந்தால் தோஷம் போகாதென்று சுரதாலின் ஆட்களே அடிமரத்தைத் தூக்கிப் போனார்கள். பீடை ஒழிந்ததென்று பொனிமின் மாத்திரையையும் நிறுத்திவிட்டான். இருமல் நிற்கவில்லை.

மழைக்காலம் கழிந்ததும் சுரதாலின் புது வீட்டுக்கு முகட்டு உத்தரம் ஏற்றினார்கள். உத்தரத்தில் கட்ட வாழைத்தார், சிவப்பு வெள்ளைத் துணி எல்லாம் தடபுடல். எங்கள் வழக்கப்படி வீட்டுக்கு ஓர் ஆள் கை கொடுக்கப் போனோம். கயிற்றைப் பிடிக்கப்போன பொனிமின், உத்தரத்திலிருந்த முண்டுகளைத் தடவிப் பார்த்து நின்றுவிட்டான்.

"பாக் லூரா, இது எங்க மரமில்ல?"

"ஆமாப்பா. நம்ம குளத்துலதான் ஊறப் போட்டிருந்தேன். ஊறின கெப்பல் கட்டைய பூச்சி தொடாது."

"அப்ப... தோஷம்?"

"அட, அது பச்சை மரத்துக்கு. செத்த கட்டைக்கு ஏதுப்பா தோஷம்?"

கூடியிருந்தவர்கள் கெக்கலித்தார்கள். அதே வாய்கள்தான் வகிராவின் வாசலில் நின்று திட்டியவை. யாரோ பொனிமின் கையில் ஓர் இலைப் பொட்டலம் சோற்றைத் திணித்தார்கள். நான் என் பொட்டலத்தைப் பிரிக்காமல் அங்கேயே வைத்தேன்.

அவனை நான்தான் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வகிரா அடுப்படியில் இருந்தாள். அவன் கதவோரம் குந்தி, இருமி முடித்து, தலை நிமிராமல் கேட்டான்.

"அந்த மாத்திரை இருக்கா?"

"அது இருக்கு" என்று எழுந்து போய்த் தண்ணீர் மொண்டாள் வகிரா.