மெழுகுவர்த்தி விளையாட்டு

அதைப் பேய் விளையாட்டு என்று சொன்னவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

நான் மலேசியாவில், பினாங்குப் பக்கம் ஜுருவில் கார் உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீடு சுங்கை பினாங் ஃபிளாட்டில். நாற்பது தாண்டிய ஒருத்தி லீவு நாளில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிறாள் என்றால் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதிலும் நான் தேடுவது கடையில் கிடைக்கிற கேம் இல்லை. யாரோ செய்ய ஆரம்பித்து, கடைசிவரை வெளியே விடாமலே போனவை. அப்படிப்பட்டவற்றைத் தேடி எடுத்து, யார் செய்தது, ஏன் நின்றுபோனது என்று துருவுகிற ஒரு கூட்டம் இணையத்தில் இருக்கிறது. பல நாட்டுக்காரர்கள். அதில் நானும் ஒருத்தி. "வேற வேலயே இல்லயா லா ஒனக்கு?" என்று என் அக்கா கேட்பாள். இருக்கிறது. இதுவும் ஒரு வேலைதான்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஒருநாள் ஒரு கேமை ஏற்றினார். பழைய கம்ப்யூட்டர் சாமான்களை மொத்தமாக வாங்கியபோது, அதிலிருந்த ஒரு ஹார்ட் டிஸ்கில் கிடைத்ததாம். தென்கிழக்காசியாவிலிருந்து வந்த பெட்டி என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. கேமுக்குத் தலைப்பு இல்லை. செய்தவர் பெயர் இல்லை. ஓர் எழுத்துகூட இல்லை. இரும்பு கேட்டைத் திறந்துகொண்டு ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் போகிறோம். கையில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி. பூ வைத்திருக்கும் கல்லறையில் அதை நிறுத்தினால் சாய்ந்து விழுகிறது. மறுபடி நிறுத்தினால் மறுபடி விழுகிறது. வானம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வருகிறது.

அவ்வளவுதான், ஆளாளுக்கு அவிழ்த்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத பேய் ஒன்று வர்த்தியைத் தட்டிவிடுகிறது என்றார் ஒருவர். செய்தவன் புத்தி பேதலித்துச் செத்துப்போனான் என்றார் இன்னொருவர், ஏதோ பக்கத்து வீட்டில் இருந்து பார்த்தவர் மாதிரி. மெக்சிகோ என்று ஒரு கட்சி, பிலிப்பைன்ஸ் என்று ஒரு கட்சி. யாரோ ஒரு புண்ணியவான் அலறல் சத்தமெல்லாம் சேர்த்து வீடியோவே போட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, நான் அதைத் திறந்தேன். திறந்த உடனே தெரிந்துவிட்டது. இது கல்லறைத் திருநாள். நவம்பரில் எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறையைத் தேய்த்துக் கழுவி, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுகிற நாள். வர்த்தி ஏன் விழுகிறது என்பதும் தெரிந்தது. அதைச் சும்மா நிறுத்த முடியாது. பற்றவைத்து, சாய்த்துப் பிடித்து, சிமெண்டில் சொட்டுச் சொட்டாக மெழுகை விட்டு, அது இறுகுவதற்குள் வர்த்தியின் அடியை அதில் அழுத்தி, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் சிறுவயதிலேயே அந்த வேலையை எங்களிடம் கொடுத்துவிடுவார்கள். கேமிலும் அப்படியே செய்தேன். நின்றது. பேயாவது பிசாசாவது.

பூ வைத்த கல்லறைகள் எல்லாவற்றிலும் ஏற்றி முடித்தும் கையில் வர்த்தி மிச்சம் இருந்தது. கேட்டுக்குத் திரும்பிப் போனால் கேட் திறக்கவில்லை. என் அம்மா மிச்ச வர்த்தியை வீட்டுக்குக் கொண்டுவர விடவே மாட்டார். "ஆள் வராத கல்லறைல வச்சிட்டு வா" என்பார். அதனால் பூ இல்லாத, புல் மண்டிய கல்லறைகளாகத் தேடித் தேடி ஏற்றினேன். ஒரே ஒரு வர்த்தி பாக்கி இருந்தபோது, பின்சுவரோரம் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், அதுவரை போக முடியாதிருந்த ஒரு மூலைக்கு வழி திறந்தது. அங்கே கல்லறை இல்லை, சிலுவை இல்லை. வெறும் புல், அதில் ஒரு சின்னக் கல். அந்தக் கல்லின் மேல் கடைசி வர்த்தியை ஒட்டினேன். படம் அப்படியே நின்றுவிட்டது, சுடர் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கேம் அங்கே முடிந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மாதிரி மூலை எதற்கு என்று எனக்குத் தெரியும். ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் இறந்துபோன குழந்தைகளை முன்பெல்லாம் மற்றவர்களோடு சேர்த்துப் புதைக்க மாட்டார்கள். ஓரமாக, பெயர் எழுதாமல், சிலுவை நடாமல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். யாரோ ஒருவர் தன் பிள்ளைக்காக இதைச் செய்திருக்கிறார். அது இப்போது ஊர் உலகமெல்லாம் பேய்க்கதையாகச் சுற்றுகிறது. இது யாருடையது என்று கண்டுபிடித்து அவர்கள் கையில் சேர்த்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

எங்கள் ஊராக இருக்குமோ என்ற சந்தேகம் அந்த மலையால் வந்தது. கேமில் மரங்களுக்குப் பின்னால் ஒரு மலை தெரியும், அதன் உச்சியில் கம்பிக் கோபுரம். பினாங்கு மலையைத் தினமும் துணி காயப் போடும்போது பார்க்கிறவள் நான். சனிக்கிழமைகளில் குடையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லறைத் தோட்டமாகப் போனேன். அடையாளத்துக்கு ஒன்றுதான் இருந்தது: கேமில் பூ வைத்த கல்லறைகளில் ஒன்றுக்குப் பச்சை டைல்ஸ் ஒட்டியிருந்தது, பாத்ரூமில் ஒட்டுகிற மாதிரி. மேலே சிலுவையின் ஒரு கை உடைந்திருந்தது. முதலில் போன இடத்தில் அது இல்லை. அடுத்ததில் இருந்தது. அதே பச்சை, அதே உடைந்த கை. பக்கத்தில் கேமில் இல்லாத ஒரு புதுக் கல்லறையும் இருந்தது. யாரையும் விசாரிக்கவில்லை. கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டது. அந்த வீட்டார் எப்படியும் வருவார்கள் என்று காத்திருந்தேன்.

திருநாளன்று வந்தது ஒருவர்தான். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, வாளியும் பிரஷும் சாமந்திப் பூவுமாக. கழுவி முடிக்கும்வரை பொறுத்திருந்து பக்கத்தில் போனேன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இத கொஞ்சம் பாக்குறீங்களா?" என்று ஃபோனை நீட்டினேன். நான் விளையாடியதை முதலிலிருந்து கடைசிவரை வீடியோ எடுத்து வைத்திருந்தேன்.

"ஐயோ, இது எங்க மாமனார் மாமியார் கல்லறை லா!" என்றார். "இந்த டைல்ஸ் எங்க வீட்டு பாத்ரூமுக்கு வாங்குனதும்மா. மிச்சத்த வீணாக்கக் கூடாதுன்னு அவரு இங்க கொண்டாந்து ஒட்டிட்டாரு. அன்னிக்கு நான் போட்ட சண்ட இருக்கே!" சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவர் என்றது கணவரை. புதுக் கல்லறை அவருடையது. எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் டெக்னீஷியனாக இருந்தவர். ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் ஓர் அறை முழுக்கக் கம்ப்யூட்டர் சாமானாக வைத்திருந்தாராம். வேலை முடிந்து வந்ததும் அதற்குள் போய்விடுவாராம். அவர் இறந்த பிறகு, ஜொகூரில் இருக்கும் மகன் வந்து எல்லாவற்றையும் பழைய சாமான் லோரியில் ஏற்றிவிட்டிருக்கிறான்.

"கேம் செஞ்சாரா? இவரா?" அந்த அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஃபேக்டரி வேலன்னுல நான் நெனச்சிட்டிருந்தேன். முழுசும் காட்டும்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவருக்கு ஒன்றுமே தெரியாது. சாக்குச் சொல்லி ஃபோனை மூடியிருக்கலாம். ஆனால் அது அவர் வீட்டுச் சொத்து. அதை மறைக்க நான் யார்? மூடவில்லை. வீடியோ பின்சுவரோரம் போய், புல்லில் இருந்த கல்லில் வர்த்தி எரிவதோடு நின்றது.

"இது அந்தப் பைப்புப் பக்கமில்ல? அங்க என்னா இருக்கு?"

"முன்னாடியெல்லாம், ஞானஸ்நானம் குடுக்காத பிள்ளைங்கள அந்த மாதிரி ஓரத்துலதான் வைப்பாங்கன்னு எங்கம்மா சொல்லுவாங்க, அக்கா."

அவர் பச்சை டைல்ஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கல்லறையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு மொதல்ல ஒரு பொண்ணு. பொறந்து அழவே இல்லயாம். நான் மயக்கத்துல கெடந்தேன். கண்ண முழிச்சப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு. எங்க வச்சீங்கன்னு கேட்டேன். பச்ச ஒடம்புக்காரி அதெல்லாம் கேக்கக் கூடாதுன்னு மாமியாரு அடக்கிட்டாங்க. அப்புறம் அவருகிட்ட கேக்கப் பயம். கேட்டா ஒடஞ்சிருவாரோன்னு." கொஞ்சம் நிறுத்தி, என் பக்கம் திரும்பினார். "வருசா வருசம் தண்ணி எடுத்துட்டு வரேன்னு வாளியத் தூக்கிட்டு அங்கதான்மா போவாரு. ஒரு வாளித் தண்ணிக்கு இவ்ளோ நேரமான்னு நான் திட்டுவேன் லா. வர்ற ஒவ்வொரு வருசமும் திட்டுவேன் லா."

அந்த மனிதர் மேல் கோபம் கோபமாக வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாமல், அறைக்குள் உட்கார்ந்து ஒரு கேம் செய்வதா? செய்ததையும் மனைவிக்குக் காட்டாமலே போய்ச் சேர்வதா? பாவமாகவும் இருந்தது. காட்டுவதற்குத் தைரியம் வரும் என்று நாளைத் தள்ளிக்கொண்டே போயிருப்பார்.

இணையக் கூட்டத்துக்கு நான் பிறகு எழுதியது கொஞ்சம்தான். இது பேய் விளையாட்டு இல்லை, இது யாருடையது என்று எனக்குத் தெரியும், அதற்கு மேல் கேட்காதீர்கள் என்று எழுதினேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்கட்டும்.

அன்று, பேசி முடித்த கையோடு, நாங்கள் இரண்டு பேரும் அந்த மூலைக்குப் போனோம். காய்ந்த மாலைகளும் பிளாஸ்டிக் பைகளும் அங்கே குவிந்து கிடந்தன. போகிறவர் வருகிறவர் எல்லாரும் குப்பை போடும் இடமாகிவிட்டிருந்தது. அக்கா குனிந்து இரண்டு கையாலும் அள்ள ஆரம்பித்தார். நானும் அள்ளினேன். கல் எதுவும் கிடைக்கவில்லை. ஃபோனில் இருந்த படத்தையும் சுவரையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்து, "இங்கதான் இருக்கணும், அக்கா" என்று ஓர் இடத்தைக் காட்டினேன். அவர் அந்த ஈரப் புல்லில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

அந்த நேரம் ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார். குடும்பத்தார் அவரவர் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று காத்திருப்பார்கள். அவர் வந்து தெளித்து, ஒரு செபம் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவார். கடைசி வரிசையின் கடைசிக் கல்லறையில் தெளித்துவிட்டு, இனி ஒன்றும் இல்லை என்று அவர் திரும்பி நடந்தார். அக்கா எழுந்து, மண் ஒட்டிய கையைத் தூக்கி, சத்தமாகக் கூப்பிட்டார்.

"ஃபாதர்! போயிராதீங்க. இங்க இன்னும் ஒரு ஆளு இருக்கு."

சின்ன வயது ஃபாதர். அவர் புல்லைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு புல்லில் இறங்கி வந்து, "யாரும்மா?" என்று கேட்டார்.

"என் மூத்த மக, ஃபாதர்."