பெருமாளின் வழக்கு, குப்பனின் தீர்ப்பு

1. நம்பர் இல்லாமல் வந்தவர்

தங்க வயல் கோர்ட்டின் நகல் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். பழைய தீர்ப்பு, டிக்ரி, வாக்குமூலம் என்று எதற்கு மனு வந்தாலும் கட்டைத் தேடி எடுத்து, நகல் எடுத்து, ஒப்பிட்டு, பக்கத்துக்குப் பக்கம் சீல் குத்திக் கொடுப்பது என் வேலை. இதை வாசிக்கிற புதிய குமாஸ்தாக்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கேஸ் நம்பர் இல்லாமல் வருகிறவர்களைக் கண்டால் இன்னும் சீக்கிரம் வரும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், ஒரு திங்கட்கிழமை, தேவராஜ் என்பவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். இங்கே பாலகாட் சுரங்கத்து லைன் வீடுகளில் குடியிருப்பவர். பெங்களூரில் லிஃப்ட் மெக்கானிக். தினமும் வேலைக்குப் போகும் காலை ரயிலை விட்டுவிட்டு, லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"மேடம், எங்க அப்பா கேஸு தீர்ப்பு ஒண்ணு வேணும்."

"கேஸ் நம்பர் இன்னா?"

"தெரியாது மேடம்."

"வருஷமாச்சும் தெரியுமா?"

"ஏர் பிளாஸ்ட்டுல எங்க லைன் செவுரு விரிசல் உட்டுச்சே, அதுக்கு அடுத்த வருஷம்."

சுரங்கத்துக்குள்ளே பாறை வெடித்து மேலே வீடெல்லாம் ஆடுவதைத்தான் இங்கே ஏர் பிளாஸ்ட் என்போம். சுரங்கம் ஓடிய காலத்தில் அது நடக்காத வருஷம் எது? சுவர் விரிசலை வைத்துக் கேஸ் தேடினால் ரெக்கார்டு ரூமையே கவிழ்க்க வேண்டியதுதான்.

"ஆன்லைன்ல பாத்தீங்களா?"

"பாத்தேன். இல்லே."

"இவ்ளோ பழசு அதுல வராது. நம்பரோட வாங்க, போங்க."

அவர் போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. வேறு வழியில்லாமல், எதற்காக வேண்டும் என்று கேட்டேன்.

விஷயம் இதுதான். அவர்கள் சுரங்கத்து ஷாஃப்டில் இறங்கி வேலை செய்து இறந்துபோனவர்களின் பெயர்களை எழுதி, பாலகாட் சமுதாயக் கூடத்தில் பலகை வைக்கிறார்கள். கமிட்டித் தலைவர் ஏகாம்பரம், சுரங்கக் கம்பெனியில் வாட்ச் அண்ட் வார்டு, அதாவது காவல் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தேவராஜின் அப்பா பெருமாள் பெயர் வந்ததும் அவர் கையைத் தூக்கித் தடுத்துவிட்டார்: "தங்கக் கல்லு திருடி மாட்டுனவன் பேரு போர்டுல வராது." விடுதலை ஆகிவிட்டார் என்று தேவராஜ் சொல்லியிருக்கிறார். "அப்ப பேப்பரு காட்டு" என்று பதில் வந்திருக்கிறது. பெயின்டர் வருவது அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு.

"அம்மாவுக்கு எம்பது வயசு மேடம். போர்டு தொறக்குற அன்னிக்கு கட்டிக்கறதுக்குப் பொடவகூட எடுத்து வச்சிக்கீது. நான் இன்னா சொல்லுவேன் அதுங்கிட்ட?"

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

2. கம்பெனிப் பெயர்

கேஸ் நடந்தபோது தேவராஜ் மூன்றாம் வகுப்பு. அப்பாவோடு கோர்ட்டுக்கு வந்து வாசலில் பன் தின்றது ஞாபகம் இருக்கிறது என்றார். பன்னைப் பற்றி விவரமாகச் சொன்னார், கேஸைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் மூன்றாம் வகுப்பு என்பது பெரிய உதவி. இரண்டு வருஷத்துக்கான கிரிமினல் ரிஜிஸ்டர்களை இறக்கினேன். தூசியில் இருவரும் மாறி மாறித் தும்மினோம்.

பெருமாள் என்ற பெயரில் நான்கு கேஸ் இருந்தது. சேவல் சண்டை, சாராயம், குடித்துவிட்டுக் கலாட்டா, மறுபடி சாராயம். கல் திருட்டு இல்லை.

"உங்க அப்பா உங்ககிட்ட கதை விட்டுக்கீறாரு" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. என் மாமனாரும் சுரங்கத்தில் வேலை செய்தவர்தான்; அங்கே சிலர் இன்னொருவர் பெயரில் இறங்குவார்கள் என்று சொல்வார். திடீரென்று பொறி தட்டியது.

"கம்பெனில உங்க அப்பாவுக்கு இன்னா பேரு?"

தேவராஜ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "குப்பன்."

குப்பன் அவருடைய பெரியப்பா. ஒரு வருஷம் ஷாஃப்டில் இறங்கிவிட்டு, பயந்துபோய் வேலூர் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். அவர் விட்டுப்போன வேலை டோக்கனை எடுத்துக்கொண்டு தம்பி பெருமாள், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறினார். அதன்பிறகு இருபத்தாறு வருஷம் சம்பளம், மெடிக்கல், கேஸ் எல்லாமே குப்பன் பெயரில்தான். லைனில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். ரிஜிஸ்டரில் இரண்டே நிமிஷத்தில் குப்பன் கிடைத்தார். எதிரே ஒற்றை வார்த்தை: விடுதலை. தேவராஜ் அந்த வரியை மூன்று தடவை தடவிப் பார்த்தார். ரிஜிஸ்டரில் கை வைக்கக் கூடாது என்று அதட்டவேண்டியவள், சும்மா இருந்தேன்.

3. யாரோ ஒருவர்

சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. மனுவில் தேவராஜ், அக்யூஸ்ட் குப்பனுக்குத் தான் மகன் என்று எழுதினார். ஆதாரில் அப்பா பெயர் பெருமாள். எங்கள் ஷிரஸ்தேதார், ஆபீஸுக்குப் பெரியவர், கண்ணாடியை இறக்கி இரண்டையும் பார்த்தார். "குப்பனுக்கு இவரு எப்படிம்மா மகன் ஆவாரு?" என்று மனுவைத் திருப்பிவிட்டார். அவர் செய்தது சரிதான்.

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க மாதக்கணக்காகும். வேறொரு வழி இருந்தது. அதை நான் புதன்கிழமை தேவராஜிடம் சொன்னேன்.

"மகன்னு எழுதாதீங்க. தீர்ப்பு முடிஞ்ச கேஸு. கேஸ்ல பார்ட்டி இல்லாத வெளியாளும் எதுக்கு வேணும்னு காரணம் எழுதி, அஃபிடவிட் வச்சி, நகல் கேக்கலாம். ஜட்ஜ் சரின்னா கெடைக்கும். மூன்றாம் நபர்னு டிக் பண்ணுங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது.

"எங்க அப்பாவுக்கு நான் யாரோவா மேடம்?"

"உறவு இல்லேன்னு எழுதச் சொல்லல. கேஸ்ல பார்ட்டி இல்லேன்னுதான். அது நெசம்தானே? நீங்க அப்ப பன்னு தின்னுனு இருந்தீங்க."

அவர் சிரிக்கவில்லை. மனுவை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டார். என் வாய்க்கு இது தேவைதான் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து, டீ குடித்த வாசனையோடு திரும்பி வந்தார். டிக் போட்டிருந்தார். பேனா பேப்பரைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்திப் போட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில் எழுத்தரிடம் சொல்லி இப்படி எழுதியிருந்தார்: "குப்பன் என்பவர் குற்றமற்றவர் என்பதை ஊருக்குக் காட்ட." ஜட்ஜ் அதைப் படித்துவிட்டு அனுமதித்தார்.

4. நான்காம் பக்கம்

கேஸ் கட்டை விதிப்படி எப்போதோ அழித்துவிட்டார்கள். தீர்ப்பு மட்டும் தனி பைண்டில் இருந்தது, ஐந்து பக்கம். ஒப்பிட்டுப் படிக்கும்போது நான்காம் பக்கத்தில் சிரித்துவிட்டேன்.

டிபன் கேரியரில் இருந்த கல்லைப் பிடித்த காவலர்தான் இரண்டாவது சாட்சி. ஏகாம்பரம்! குறுக்கு விசாரணையில் வக்கீல் இரண்டு கல்லை மேஜைமேல் வைத்து, எது தங்கக் கல் என்று கேட்டிருக்கிறார். ஏகாம்பரம் யோசித்து ஒன்றைக் காட்டியிருக்கிறார். அது காலையில் கோர்ட் வாசலில் வக்கீல் பொறுக்கிய கல். கேரியரில் இருந்ததிலோ தங்கமே இல்லை என்று பரிசோதனை ரிப்போர்ட். ஆடுகிற அம்மிக்கு முட்டுக் கொடுக்க எடுத்துப் போன கல் அது.

தேவராஜுக்கு நகலைக் கொடுத்து இதை விளக்கியபோது, வந்த நாள் முதல் முதன்முறையாகச் சிரித்தார். செய்தி எப்படியோ பரவியது. மறுநாளே ஏகாம்பரம் கவுண்டருக்கு வந்தார்.

"ஏம்மா, அந்தக் காலத்து தீர்ப்புல சாட்சி சொன்னதெல்லாம் எழுதுவாங்களா?"

"நல்லாவே எழுதுவாங்க சார்."

"பேரோடவா?"

"பேரு, அப்பா பேரு, வயசு, வேலை எல்லாத்தோடயும்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

5. ஞாயிற்றுக்கிழமை

எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் பெயின்டர் வருகிற அன்று சமுதாயக் கூடத்தில் நடந்த கமிட்டிக் கூட்டத்துக்குப் போனேன். அந்த நான்காம் பக்கத்தைக் கேட்டு ஊர் சிரிப்பதைப் பார்க்க ஆசை. ஏகாம்பரம் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தேவராஜ் எழுந்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டி, இங்கிலீஷில் படித்து, தமிழில் சொன்னார்: "குற்றம் நிரூபிக்கப்படல. விடுதலை." அவ்வளவுதான். நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பெயின்டர் கேட்டார். "கம்பெனி லிஸ்ட்டுல குப்பன்னு கீதே, அப்டியே எழுதட்டுமா?"

ஏகாம்பரம் நிமிர்ந்தார். "குப்பன்னு எவனும் எங்க ஷாஃப்டுல இருவத்தாறு வருஷம் எறங்கல. பெருமாள்னு எழுது" என்றார்.

திரும்பும்போது தேவராஜைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஏமாற்றம்தான்.

"இன்னாங்க, நாலாம் பக்கத்தைப் படிக்கவே இல்லையே?"

"எங்க அப்பா பேரு வந்துடுச்சி மேடம். ஏகாம்பரம் பேரு எதுக்குப் போவணும்?"

வருகிறவர்களிடம் கம்பெனிப் பெயரையும் கேளுங்கள், வெளியாளும் மனு போடலாம் என்று சொல்லிக் கொடுங்கள். இதெல்லாம் நான் உங்களுக்குக் கற்றுத் தரக்கூடியது. வாங்கிய நகலில் எதைப் படிக்காமல் விட வேண்டும் என்பதை மட்டும், சீல் குத்தியே கை தேய்ந்த எனக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக்தான் கற்றுக் கொடுத்தார்.